டிக்கெட் மெயில் வராவிட்டாலும் நான், கொட்டினாலும் நானா?

ஆபீசில் டிக்கெட் (செய்ய வேண்டிய வேலை, சரி செய்ய வேண்டிய கோளாறு பற்றிய பதிவு) போடுகிற மென்பொருளை நிறுவிக் கொடுத்தவனுக்குக் காலம் முழுக்க இரண்டே கேள்விதான். முதல் கேள்வி, "மெயில் வரலையே?" அதைச் சரி செய்து கொடுத்தால் அடுத்த கேள்வி, "என்னங்க, இவ்வளவு மெயில் வருது?" இரண்டையும் கேட்பது பெரும்பாலும் ஒரே ஆள்.

எங்கள் ஆபீசில் இருப்பது ரெட்மைன் என்கிற டிக்கெட் மென்பொருள். 2006இல் வந்தது, காசு கொடுக்க வேண்டாம், நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. மற்ற வேலையெல்லாம் ஒழுங்காகச் செய்யும். மெயில் அனுப்பச் சொன்னால்தான் முரண்டு பிடிக்கும்.

அட்மின் பக்கத்தில் மெயில் அறிவிப்புகளுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. திறந்தால், மெயில் வசதி அமைக்கப்படவில்லை, இன்ன ஃபைலில் எழுதிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஒரு அறிவிப்பு நிற்கும். சர்வர் பெயர், போர்ட் (மெயில் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்கிற எண்), பாஸ்வேர்ட் எதையும் அந்தப் பக்கத்தில் கொடுக்க முடியாது. சர்வருக்குள் நுழைந்து அமைப்புகளை எழுதி வைக்கிற ஒரு ஒய்எம்எல் ஃபைலைத் திருத்த வேண்டும். அந்த ஃபைலில் வரியை உள்ளே தள்ளுவதற்கு ஸ்பேஸ்தான் போட வேண்டும், டேப் கூடாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே ஒரு இடத்தில் டேப் விழுந்தால் போச்சு, மெயில் மட்டுமில்லை, மொத்த மென்பொருளும் எழுந்திருக்காது. இத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்தில் மெயில் பாஸ்வேர்ட் மாற்றுகிற சாக்கில் எல்லாரையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ரீஸ்டார்ட் செய்யலாம் என்றால், அப்போதுதான் யாராவது ஒருத்தர் ஆர்வமாக உட்கார்ந்து டிக்கெட் மூடிக்கொண்டிருப்பார்.

சரி, எழுதியாயிற்று. இப்போது எந்த போர்ட்? 25ஆ, 465ஆ, 587ஆ? மெயில் அனுப்பும் வழிமுறையான எஸ்எம்டிபி 1982இல் எழுதப்பட்டது. அப்போது பாஸ்வேர்டும் கிடையாது, குறியாக்கமும் கிடையாது. பிறகு தேவை வர வர ஒட்டுப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அந்த ஒட்டுகளை எல்லாம் இன்றைக்கு நாம் சுமக்கிறோம். ஸ்பேம் தொல்லையால் பல கிளவுட் நிறுவனங்கள் வெளியே போகிற 25ஐ அடைத்தே வைத்திருக்கின்றன. அங்கே போய் முட்டினால் மறுப்பு என்று ஒரு பதில்கூட வராது, சும்மா தொங்கிக்கொண்டு நிற்கும். 465 என்றால் முதல் எழுத்திலிருந்தே குறியாக்கம். 587 என்றால் முதலில் வெளிப்படையாகப் பேசிவிட்டு அப்புறம் குறியாக்கத்துக்கு மாறும். 465இன் முறையை 587க்குக் கொடுத்தால் ஒரு பிழை வரும் பாருங்கள், "பதிப்பு எண் தவறு" என்று. எந்தப் பதிப்பு? எதன் எண்? பதிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போர்ட்டும் குறியாக்க முறையும் பொருந்தவில்லை என்று நேராகச் சொன்னால் என்ன கேடு? அந்த வரியை நம்பி எத்தனை பேர் ராத்திரி முழுக்க, குறியாக்க வேலையைச் செய்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்லை நீக்கி நீக்கி நிறுவிக்கொண்டிருந்தார்களோ!

கூகுள் வழியாக அனுப்பலாம் என்றால் அது இன்னொரு கூத்து. இணையத்தில் கிடைக்கிற பாதிக் குறிப்புகள் இன்னும் "உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2022 மே மாதக் கடைசியோடு அது முடிந்துபோன கதை. இப்போது இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அதற்கென்று 16 எழுத்தில் தனிப் பாஸ்வேர்ட் வாங்க வேண்டும். பாதுகாப்புக்குத்தான் செய்தார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் இரட்டைச் சரிபார்ப்பு என்றால் யாருடைய போனுக்குக் கோட் வரும்? ஆபீசுக்கென்று தனி போனா இருக்கிறது? கணக்கைத் திறந்தவர் வேலையை விட்டுப் போனதும் அந்தக் கோடும் அவரோடு போய்விடும்.

எல்லாம் முடிந்து, அட்மின் பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக இருக்கிற டெஸ்ட் மெயில் லிங்கை அழுத்தினால் மெயில் வந்துவிடும். யாருக்கு? அழுத்தியவனுக்கு. எனக்கு மெயில் வருகிறதா என்பதா பிரச்சினை? டெஸ்ட் மெயில் போகாவிட்டால் திரையில் பிழையைக் காட்டுகிற அதே மென்பொருள், நிஜ டிக்கெட்டுக்கான மெயில் போகாவிட்டால் திரையில் மூச்சு விடாது. டிக்கெட் போட்டவருக்குப் பச்சை நிறத்தில் "உருவாக்கப்பட்டது" என்று காட்டிவிடும். அவர் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார். பிழை எங்கோ சர்வரில், நடந்ததையெல்லாம் குறித்து வைக்கிற லாக் ஃபைலில் கிடக்கும். ஒருத்தருக்குத் தகவல் சொல்வதற்காகவே இருக்கிற வசதி, தான் தோற்றுப்போன தகவலை மட்டும் யாருக்கும் சொல்லாதாம்.

அப்புறம் அந்த இரண்டு இயல்புநிலை அமைப்புகள். அனுப்புநர் முகவரியாக நிறுவும்போதே இருப்பது ரெட்மைன்@எக்ஸாம்பிள்.நெட். எக்ஸாம்பிள்.நெட் என்பது உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைத்த பெயர், அந்தப் பெயரில் வருகிற மெயிலை எந்த சர்வர் மதிக்கும்? ஒன்று திருப்பி அடிக்கும், இல்லையென்றால் ஸ்பேமில் தள்ளும். இன்னொன்று லிங்க். மெயிலில் வருகிற டிக்கெட் லிங்க் லோக்கல்ஹோஸ்ட்:3000 என்று ஆரம்பிக்கும். "அண்ணா, லிங்க் ஓப்பன் ஆகல" என்று டெஸ்டிங் பையன் வந்து நிற்பான். ஆகாது தம்பி, அது உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே ரெட்மைனைத் தேடுகிறது. பிரவுசரில் என்ன முகவரியில் திறந்திருக்கிறேன் என்பது மென்பொருளுக்குத் தெரியும். இந்த இரண்டையும் நிரப்பாமல் ஒரு மெயிலும் அனுப்பமாட்டேன் என்று அது அடம்பிடித்திருக்கலாம். அடம்பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பிடிக்காது.

இதையெல்லாம் தாண்டி மெயில் போக ஆரம்பித்ததும் ஒரு அரை நாள் நமக்கு மரியாதை கிடைக்கும். அதற்குப் பிறகுதான் வெள்ளம்.

டிக்கெட்டில் எதைத் தொட்டாலும் மெயில். முன்னுரிமை மாறினால், கெடு தேதி மாறினால், யாரோ தலைப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினால் மெயில். "முடிந்த சதவீதம் 40லிருந்து 50க்கு மாற்றப்பட்டது" என்று ஒரே ஒரு வரி, அதற்குக் கீழே டிக்கெட்டின் மொத்த விவரமும் மறுபடி. கல்யாண மண்டபத்தில் சாம்பாருக்கு உப்புப் போட்டாயிற்று என்று மைக்கில் அறிவிப்பது மாதிரி. ஜிரா என்கிற இன்னொரு டிக்கெட் மென்பொருளை வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே ஒரு டிக்கெட்டில் ஒரு கமென்ட் போட்டால் போதும், உங்களைக் கேட்காமலே பார்வையாளர் பட்டியலில் சேர்த்துவிடும். "நன்றி" என்று எழுதிய பாவத்துக்கு அந்த டிக்கெட் சாகிறவரை மெயில் வரும். மொத்தமாகப் பல டிக்கெட்டுகளை மாற்றும்போது மெயில் அனுப்பவா என்கிற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மேனேஜர் பழைய டிக்கெட்டுகளைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால் மற்றவர்களின் இன்பாக்ஸ் என்ன கதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

1998இல் பிறந்த பக்ஸில்லா என்கிற டிக்கெட் மென்பொருள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். பார்க்க அரதப் பழசாக இருக்கும், இருக்கட்டும். இன்ன மாற்றம் நடந்தால், டிக்கெட்டில் நான் இன்ன பொறுப்பில் இருந்தால் மட்டும் அனுப்பு என்று ஒவ்வொருவரும் கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுக்கலாம். இந்த மெயில் உனக்கு ஏன் வந்தது என்ற காரணத்தையும் மெயிலின் ஹெடர் வரிகளில் எழுதி அனுப்பும். புரோகிராமர்கள் கோட் வைக்கிற தளமான கிட்ஹப்பும் மெயிலின் அடியில் காரணத்தைச் சொல்கிறது. இந்த ஒரு வரியை எல்லாரும் போட்டாலே என்னிடம் வருகிற பாதிப் பேர் வரமாட்டார்கள்.

வெள்ளம் வந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? ஒரு ஃபில்டர் போட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு அதைத் திறக்கவே மாட்டார்கள். வாடிக்கையாளரின் அவசர டிக்கெட்டும் அதற்குள்ளேயே புதைந்து கிடக்கும். கடைசியில் மீட்டிங்கில் வந்து கேட்பார்கள், "சார், எனக்கு மெயிலே வரலையே?" லாகை எடுத்துக் காட்டினால், "நான் பார்க்கல, சிஸ்டம் சரியில்ல" என்று என் பக்கம் கை நீளும். அன்றிலிருந்து ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வாட்ஸ்அப் குழுவில் "டிக்கெட் போட்டிருக்கேன், பாருங்க" என்று ஒரு செய்தி. அதற்கு நாலு கட்டை விரல்.

போதும் என்று அட்மின் பக்கத்தில் "டிக்கெட் மாறினால்" என்ற பெரிய டிக்கை எடுத்துவிட்டேன். அதற்கு அடியில் இருக்கிற சின்ன டிக்குகளில் மூன்றை மட்டும் வைத்தேன்: குறிப்பு எழுதினால், நிலை மாறினால், பொறுப்பு வேறு ஆளுக்கு மாறினால். புது டிக்கெட்டுக்கு வழக்கம்போல மெயில் உண்டு. நாம் செய்த மாற்றத்துக்கு நமக்கே மெயில் வேண்டாம் என்கிற டிக்கை அவரவர் கணக்கில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இன்பாக்ஸ் அடங்கியது, ஆட்கள் மெயிலைத் திறந்து படிக்கக்கூட ஆரம்பித்தார்கள்.

மேனேஜர் கூப்பிட்டார். "சதவீதம் மாறினா எனக்கு மெயில் வந்துட்டிருந்ததே, ஏன் நிறுத்தினீங்க?" சார், ரெட்மைனில் டிக்கெட் பட்டியல் பக்கத்தைத் திறந்தால் எல்லா டிக்கெட்டின் சதவீதமும் வரிசையாகத் தெரியும். ஒரு கிளிக். உங்கள் ஒருத்தருக்காக இருபது பேர் இன்பாக்ஸை மறுபடி திறந்துவிட முடியாது. முடியவே முடியாது.