இணையவழிப் பள்ளியில் நேரக் கட்டுப்பாடு இல்லையா?

இணையவழிப் பள்ளியில் சேர்ந்தால் பிள்ளை விரும்பிய நேரத்தில் படிக்கலாம், வருகைப்பதிவே கிடையாது என்று ஒரு கருத்து இருக்கிறது. எல்லாப் பள்ளிக்கும் அது பொருந்தாது.

சிலவற்றில் பாடங்கள் முன்பே பதிவு செய்யப்பட்டவை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். வேறு சிலவற்றில் நேரலை வகுப்பு, நேரில் போகும் பள்ளியைப் போலவே குறித்த மணிக்குத் தொடங்கிவிடும். இரண்டையும் கலந்து நடத்துவோரும் உண்டு. பதிவுப் பாடம் மட்டும் இருந்தாலும் ஒப்படைப்புக்குக் கெடு இருக்கலாம். லாகின் செய்த நேரத்தையும் முடித்த பயிற்சிகளையும் வைத்து வருகையைக் கணக்கிடும் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுப் பயிற்சியைத் தள்ளிப்போட்டால், படித்த நாளும் விடுப்பாகப் பதிவாகலாம். பலர் சிக்குவது இந்த இடத்தில்தான்.

சரிபார்ப்பது எளிது. விளம்பரத்தில் வரும் 'உங்கள் வேகத்தில்' என்ற சொல்லை நம்பாமல், பிள்ளை சேரவிருக்கும் வகுப்பின் ஒரு வார அட்டவணையைக் கேளுங்கள். அதில் நேரலை மணிநேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். பிறகு மாணவர் கையேட்டில் வருகை, தாமத ஒப்படைப்பு விதிகளைப் படியுங்கள். தவறவிட்ட வகுப்பின் பதிவைப் பின்னால் பார்த்தால் வருகையாக ஏற்பார்களா, தேர்வுக்குக் குறித்த நேரம் உண்டா என்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழிப் பதில் போதாது. பள்ளி வேறு நேர மண்டலத்தில் இருந்தால் அட்டவணை எந்த ஊர் நேரப்படி என்பதையும் பாருங்கள். அட்டவணையைப் பிள்ளையிடமும் காட்டுங்கள், அந்த மணிக்குத் திரைமுன் உட்காரப்போவது அவர்தானே.