சத்து மாத்திரையையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்

சென்ற ஆண்டு அம்மாவின் இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு (உடலில் தைராய்டு ஹார்மோன் போதாதபோது இது ஏறும்) திடீரென ஏறியிருந்தது. தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன், "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றார் அம்மா. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜின் மேலிருந்த டப்பாவைத் திறந்தபோதுதான், மூட்டுவலிக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு வாங்கிய கால்சியம் அட்டை பாதி காலியாகியிருந்ததைப் பார்த்தேன். மறந்துவிடக் கூடாதென்று விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே அதையும் விழுங்கி வந்திருக்கிறார். "அது சத்து மாத்திரைதானே, அதையுமா சொல்ல வேண்டும்?" என்றார்.

கால்சியமும் இரும்புச்சத்தும் குடலிலேயே தைராய்டு மருந்தைப் பற்றிக்கொண்டு, அது இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும் என்பதால், அவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினோம். அடுத்த பரிசோதனையில், மருந்தின் அளவைக் கூட்டாமலேயே, டி.எஸ்.எச். இறங்கியிருந்தது.

'சத்து' என்ற சொல்லே நம்மைக் கேள்வி கேட்கவிடாமல் செய்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வாரத்துக்கு ஒன்று என்று சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரப்படும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால், அது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் சிறுநீரில் எளிதில் வெளியேறாமல் உடலில் தேங்கி, இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடக்கூடும். மல்டிவைட்டமின், எலும்புக்கான மாத்திரை, சத்து மாவு என மூன்றை ஒன்றாக வாங்குபவர்கள், மூன்றிலும் வைட்டமின் டி எவ்வளவு என்று பின்பக்கம் பார்த்துக் கூட்டிப் பார்ப்பதுண்டா?

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீன், முட்டை, இறைச்சி எதுவும் தொடாதவர்களுக்கும், சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. கீரையும் பருப்பும் எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் குறை தீராது. அவர்கள் பரிசோதித்துப் பார்த்து, குறை இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டீ, காபியோடு சேர்க்காமல், எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொண்டால் உடலில் நன்றாகச் சேரும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, டப்பாவில் இருக்கும் எல்லா அட்டைகளையும், சத்து மாவு டின்னையும்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.