மூட்டு மாற்றிய பிறகு வரும் வாரங்கள்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போய் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்வது பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் செலவுக் கணக்கு விரிவாக இருக்கிறது. அதற்கு அப்புறம் வரும் வாரங்களுக்கு இரண்டே வரிதான். அனுபவித்தவள் என்பதால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். அக்கா சென்னையில் இருப்பதால் 63 வயதில் அங்கே போய் வலது பக்கம் மாற்றிக்கொண்டேன். மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிட்டார்கள். வலியைவிடப் பெரும்பாடு உட்காருவதுதான். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தாழ்வான நாற்காலி ஆகாது. கழிப்பறைக்கு உயரமான இருக்கை தேடி அக்கா மகன் பாதி நாள் அலைந்தான். கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கக்கூட ஆள் வேண்டும். இதையெல்லாம் போகும் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால் 6 வாரம் விமானம் வேண்டாம் என்றார் மருத்துவர். நாலு மணி நேரம்தானே என்று மகன் அவசரப்பட்டான். நான் சம்மதிக்கவில்லை.

ஒன்றைத் தவறவிட்டேன். பொருத்திய மூட்டின் தயாரிப்பும் அளவும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை வாங்காமல் வந்துவிட்டேன். இங்கே எலும்பு மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். பிற்காலத்தில் அந்த மூட்டைத் திரும்பத் திறக்க நேர்ந்தால், உள்ளே இருப்பது எது என்று தெரிந்தாக வேண்டுமாம். மூன்று வாரம் தொலைபேசியில் கெஞ்சிய பிறகே அனுப்பினார்கள். எக்ஸ்ரே படங்களோடு அதையும் கையோடு கேட்டு வாங்குங்கள், தயவுசெய்து.

நேற்று தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய் வந்தேன்.