சிட்டா நகல் கொடுத்தால் நிலம் போய்விடுமா?

"உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேராதீங்க, சிட்டா வாங்கி நிலத்தை எழுதிக்கிறாங்க, அப்புறம் நெல்லை வெளியே விற்க முடியாது" என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொய்.

இது விவசாயிகள் பங்கு போட்டுத் தாங்களே நடத்தும் நிறுவனம். உறுப்பினராகும்போது சிட்டா, ஆதார் நகல்களைக் கேட்பது உண்மைதான். நீங்கள் யார், விவசாயியா என்று பார்க்க மட்டுமே அவை. நகலை வைத்து யாரும் நிலத்தை மாற்ற முடியாது. நிலம் கைமாற வேண்டுமென்றால் நீங்கள் கையெழுத்திட்ட பத்திரம் பதிவாக வேண்டும். நிறுவனம் நொடித்தாலும் போவது பங்குப் பணம்தான். ஆனால் அதன் கடனுக்குத் தனி ஜாமீன் போட்டிருந்தால் கதை வேறு. வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உறுப்பினரானாலும் அரசு கொள்முதல் நிலையத்திலோ வியாபாரியிடமோ நெல்லைப் போடலாம். சில நிறுவனங்களின் விதிப்படி, குறிப்பிட்ட அளவு நெல்லாவது நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் ஓட்டுரிமை. விவசாயிகளே உறுப்பினர்களாக உள்ள நிறுவனத்தில் ஐம்பது ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் ஒரே ஓட்டு.

"சேர்ந்தாலே வருமானம் இரட்டிப்பு" என்ற எதிர்ப்பிரசாரத்தையும் நம்ப வேண்டாம். நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 67 கிலோ அரிசி. தவிடு தனி. நெல்லாகவே விற்றால், அரைத்து விற்பதில் வரும் லாபம் ஆலைக்காரருக்கு. சேர்ந்து அரைத்து விற்றால் உழவருக்கு வரும், ஆனால் அதற்கு நடைமுறை மூலதனம், அதாவது நெல் வாங்கி அரைத்து விற்கும்வரை கையில் பணம், வேண்டும். இந்த நிறுவனங்களுக்காக 2020-ல் வந்த மத்திய அரசுத் திட்டம், உறுப்பினர் போடும் பங்குப் பணத்துக்கு ஈடாகத் தரும் மானியம் உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு 15 லட்சம் வரை. அறுவடை நேரத்தில் நெல் வாங்க அது எந்த மூலைக்கு?