ஆப்ஜெக்டை அப்படியே ஃபைலில் கொட்டாதீர்கள்

சனிக்கிழமை வகுப்பில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வலைத்தளங்களுக்கு நிரல் எழுதும் மொழியான பிஎச்பியில் ஒரு ஆப்ஜெக்டை (தகவலையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் சேர்த்து வைத்திருப்பது) டெக்ஸ்ட் ஃபைலில் எப்படிச் சேமிப்பது என்று ஒரு தம்பி கேட்டார். நான் பாதி பதில்தான் சொல்லியிருப்பேன். அதற்குள் மூத்தவர் ஒருவர் குறுக்கிட்டு, "சீரியலைஸ் போட்டு ஃபைல்ல எழுது, ரெண்டு வரி வேலை. இவர் சும்மா குழப்புவார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். (சீரியலைஸ் என்பது ஆப்ஜெக்டை எழுத்துச் சரமாக மாற்றும் பிஎச்பி ஃபங்ஷன்; அந்தச் சரத்தைத் திரும்ப ஆப்ஜெக்டாக்குவது அன்சீரியலைஸ்.) எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. சொல்ல விடாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஃபைலுக்குள் போக வேண்டியது தகவல் மட்டும்தான். அதை ஜேசான் என்ற எளிய உரை வடிவில் எழுதுங்கள் என்பதுதான் என் பதில். சீரியலைஸோ தகவலோடு கிளாஸின் (ஆப்ஜெக்டை வார்க்கும் அச்சு) பெயர், அதன் பிரைவேட் ப்ராப்பர்ட்டிகள் (வெளியே காட்டாத உள் தகவல்கள்) என்று உங்கள் நிரலின் உள்கட்டமைப்பையும் சேர்த்து எழுதிவைக்கிறது. நாளை அந்த கிளாஸின் பெயரை மாற்றினால், பழைய ஃபைலைத் திறக்கும்போது 'இன்கம்ப்ளீட் கிளாஸ்' என்று ஒரு பொம்மைதான் கைக்கு வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடையில் சரக்குப் பட்டியல் முழுவதும் இப்படித்தான் சீரியலைஸ் செய்த ஃபைலில் இருந்தது. 'பருபு' என்று தப்பாக இருந்ததைக் கடைக்காரர் நோட்பேடில் திறந்து 'பருப்பு' என்று திருத்தினார். டெக்ஸ்ட் ஃபைல்தானே, திருத்தினால் என்ன? ஆனால் சீரியலைஸ் ஒவ்வொரு எழுத்துச் சரத்துக்கு முன்னும் அதன் நீளத்தை பைட் கணக்கில் எழுதிவைக்கும். கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் 'பருப்பு' யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 21 பைட். ஃபைலில் இருந்த எண்ணோ பழைய 15. அன்சீரியலைஸ் 'ஃபால்ஸ்' என்று கையை விரித்தது. நிரல் அதைக் கவனிக்காமல் சரக்கே இல்லை என்று எண்ணிக்கொண்டு, வெறும் பட்டியலை அதே ஃபைலின் மேல் எழுதிவிட்டது. அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்தேன். ரெண்டு வரி வேலை என்பவர்கள் பார்க்கவில்லை.

"ஜேசானில் பிரைவேட் ப்ராப்பர்ட்டி வராதே, கிளாஸும் தெரியாதே" என்பீர்கள். உண்மைதான். அதற்குத்தான் ஆப்ஜெக்டிலிருந்து ஜேசானுக்கு எது போகும் என்று கிளாஸிலேயே சொல்லவிடும் ஜேசான்சீரியலைசபிள் இருக்கிறது, பிஎச்பி 5.4 காலத்திலிருந்தே. எது போக வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள். திரும்பப் படித்து ஆப்ஜெக்டைக் கட்டவும் ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். பத்துப் பதினைந்து வரி ஆகும். ஆகட்டுமே.

"எங்கள் ஃபைல், எங்கள் சர்வர், யார் வந்து தொடப்போகிறார்கள்?" இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 2015 டிசம்பரில், பிஎச்பியில் எழுதிய வலைத்தள மென்பொருளான ஜூம்லாவில் என்ன நடந்தது? பிரவுசர் தன் பெயரைச் சொல்லும் யூசர்-ஏஜென்ட் ஹெடரில் வைத்து அனுப்பிய சரம் செஷனுக்குள் (வருகையாளரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் தகவல்) போய், அன்சீரியலைஸ் ஆகும்போது ஆப்ஜெக்டாக எழுந்து, தாக்கியவர்களின் நிரலை ஓட்டியது. எந்தக் கிளாஸ்களை மட்டும் அன்சீரியலைஸ் உருவாக்கலாம் என்று கட்டுப்படுத்தும் 'அலவ்ட் கிளாசஸ்' பிஎச்பி 7.0இல் வந்துவிட்டதே என்கிறீர்களா? அதைப் போட்டாலும் வெளியாரிடமிருந்து வரும் தரவை அன்சீரியலைஸிடம் கொடுக்காதே என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. இதைச் சொன்னால் குழப்புகிறேனாம்.

சீரியலைஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழிந்தாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிக கேஷுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் திறக்க வேண்டிய கணக்குக்கு வேண்டாம்.

எனக்கு வலிப்பது வேறு. புதிதாக வந்த ஒருவர் கேள்வி கேட்கும்போது, குறுக்கு வழியைச் சொல்பவருக்குக் கைதட்டல், முழுதாகச் சொல்பவருக்குக் கேலி. அந்தத் தம்பி அப்புறம் வாயே திறக்கவில்லை. அதற்கு முன், இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்த ஃபைலில் எழுதினால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தார். அன்றைக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான், ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தம்பி, இதைப் படித்தால்: படிப்பது, மாற்றுவது, எழுதுவது மூன்றும் முடியும்வரை தனியாக ஒரு லாக் ஃபைலின் மேல் எஃப்லாக் (ஃபைலைப் பூட்டும் பிஎச்பி ஃபங்ஷன்) பிடித்து வைத்திருங்கள். எழுதும்போது அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்யுங்கள். நடுவில் படிக்க வருபவருக்குப் பாதி ஃபைல் கிடைக்காது. இன்னும் சந்தேகம் இருந்தால் இன்பாக்ஸில் கேளுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை.