பிளிட்ஸ் கேட்டுக் கத்துகிறவர்களுக்கு

அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஆட்டத்தை லிங்கன் ஃபினான்ஷியல் ஃபீல்டில் நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். எதிரணி மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவதில்) எட்டு யார்டோ பத்து யார்டோ தேவைப்பட்டு நிற்கும், மொத்த அரங்கமும் எழுந்து நின்று "பிளிட்ஸ்! பிளிட்ஸ்!" என்று கத்தும். நானும் தொண்டை கட்டுகிற வரை கத்தியிருக்கிறேன். இப்போது கத்துவதில்லை. எங்கள் டிஃபென்ஸ் பயிற்சியாளர் விக் ஃபேன்ஜியோவைக் 'கோழைத்தனமான டிஃபென்ஸ்' என்று இன்னமும் திட்டுகிற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: எதிரணியின் குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவனை அமுக்க, வழக்கமாக நான்கு பேர் பாய்வார்கள், மீதி ஏழு பேர் பின்னால் நின்று பந்து பிடிக்க ஓடுகிறவர்களைக் கவனிப்பார்கள். பிளிட்ஸ் என்றால் ஐந்து, ஆறு பேரை அனுப்பிவிடுவது. மாட்டினால் சாக் (பந்தோடு அவனை வீழ்த்துவது), அரங்கம் அதிரும். மாட்டவில்லை என்றால் பின்னால் ஆள் இல்லை.

எங்கள் ஊருக்குப் பிளிட்ஸ் மேல் இருக்கிற பாசத்துக்குக் காரணம் உண்டு. 1986-லிருந்து 1990 வரை பட்டி ரையன் தலைமைப் பயிற்சியாளர். ரெஜி வைட், ஜெரோம் பிரவுன், சேத் ஜாய்னர் எல்லாம் அவரிடம் ஆடியவர்கள். அப்புறம் 1999-லிருந்து 2008 வரை டிஃபென்ஸ் பயிற்சியாளராக ஜிம் ஜான்சன். யார் வருவான், எங்கிருந்து வருவான் என்று எதிரணிக்குக் கடைசி நொடி வரை தெரியாது, பிரையன் டாக்கின்ஸ் பின்னாலிருந்து அம்பு மாதிரி வந்து மோதுவார். அந்த ஆட்டத்தைப் பார்த்து ஈகிள்ஸ் பிடித்துப்போனவன் நான். ஜான்சன் 2009-இல் புற்றுநோயில் இறந்தபோது வீட்டில் ஒருவரை இழந்த மாதிரி இருந்தது. அதனால் டிஃபென்ஸ் என்றால் பாய்வது, முந்திக்கொண்டு அடிப்பது என்றே மனசில் பதிந்துவிட்டது.

அந்த மனசோடுதான் 2024 செப்டம்பர் 16 திங்கள் இரவு ஃபால்கன்ஸ் ஆட்டத்துக்குப் போனேன். ஆறு புள்ளி முன்னிலை, இரண்டு நிமிடம்கூட பாக்கி இல்லை, அவர்களுடைய குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் 70 யார்டு போக வேண்டும். நம் கார்னர்கள் (பந்து பிடிக்க ஓடுகிறவர்களைக் காக்கிறவர்கள்) தள்ளித் தள்ளி நிற்கிறார்கள், கடைசிக் காவலான சேஃப்டிகள் இருவரும் இன்னும் பின்னால். கசின்ஸ் நிதானமாக எறிந்து, எறிந்து, டிரேக் லண்டன் கையில் டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) கொடுத்துவிட்டார். 22-21. பக்கத்து இருக்கைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்தும் எழாமல் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படியிறங்கும்போது என்னைச் சுற்றி எல்லார் வாயிலும் ஃபேன்ஜியோ பெயர்தான். இரண்டு வாரம் கழித்து டாம்பா பேயிடம் 33-16 உதை. இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. முந்தைய வருடம் பத்து வெற்றி, ஒரு தோல்வி என்று இருந்த அணி கடைசியில் பொலபொலவென்று உதிர்ந்து, நடு சீசனில் ஷான் தேசாயிடமிருந்து மேட் பட்ரிஷியாவிடம் டிஃபென்ஸை மாற்றிக் கொடுத்தும் தேறாமல் போன காயம் ஆறவே இல்லை. மறுபடியுமா என்றுதான் தோன்றியது.

அப்புறம் பத்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். ஃபேன்ஜியோ என்ன மாற்றினார்? பிளிட்ஸைக் கூட்டவில்லை, ஆளை மாற்றினார். ஐந்தாவது வார ஓய்வு முடிந்து வந்ததும், கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அயோவாவிலிருந்து இரண்டாம் சுற்றில் எடுத்த கூப்பர் டிஜீன் என்ற புதுப் பையனை உள்பக்கக் கார்னராக நிறுத்தினார். வெளிப்பக்கம் ஏற்கெனவே இன்னொரு புதுப் பையன், முதல் சுற்றில் எடுத்த குவின்யான் மிட்செல். நடுவில் ஸாக் பான். செயின்ட்ஸ் அணியில் பெரும்பாலும் ஸ்பெஷல் டீமில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கான தனிக் குழு) ஓடிக்கொண்டிருந்தவர், ஒரு வருடத்துக்கு 35 லட்சம் டாலருக்கு வந்தவர். அவரை உள் லைன்பேக்கராக (முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவர்) மாற்றியதும் அந்த வருடமே லீகின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோ முதல் அணிக்குப் போனார். இது பயிற்சியாளரின் கண். ஆளை எங்கே நிறுத்தினால் அவனுக்கு விளையாட்டு புரியும் என்று தெரிந்த கண்.

இந்த முறையின் தர்க்கத்தைக் கபடி பார்த்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ரெய்டர் உள்ளே வந்ததும் ஓரத்தில் நிற்கிறவன் அவசரப்பட்டுக் காலுக்குப் பாய்ந்தால் புள்ளி போய்விடும். நல்ல அணி ஒரு போனஸ் போனாலும் போகட்டும் என்று விட்டு, அவன் திரும்புகிற நேரம் பார்த்து மொத்தமாக மூடும். ஃபேன்ஜியோவும் அப்படித்தான். இரண்டு சேஃப்டிகளை எப்போதும் ஆழத்தில் நிறுத்துவார், ஸ்னாப் ஆகும் வரை, அதாவது பந்து குவார்ட்டர்பேக்கிடம் போய் ஆட்டம் தொடங்கும் வரை, எல்லாம் ஒரே மாதிரி தெரியும், பந்து கைக்கு வந்த பிறகுதான் யார் எங்கே நகர்கிறான் என்று தெரியும். குவார்ட்டர்பேக்குக்கு நீளமான பந்து கிடையாது. நான்கு யார்டு, ஐந்து யார்டு எடுத்துக்கொள், ஆனால் பந்து பிடித்த இடத்திலேயே விழுவாய். பத்துப் பன்னிரண்டு தடவை தப்பில்லாமல் அப்படி வந்தால் டச்டவுன் உன்னுடையது. பெரும்பாலான அணிகளால் அத்தனை நேரம் தப்பில்லாமல் வர முடிவதில்லை.

இதற்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, பிடித்தவனைத் தனியாகவே கீழே தள்ளத் தெரிய வேண்டும். பால்டிமோரில் டெரிக் ஹென்றி, 110 கிலோவுக்கு மேல் இருக்கிற மனிதர், டிஜீனை நோக்கி நேராக ஓடிவந்தார். பையன் ஒதுங்கவில்லை, இடுப்போடு கட்டிப்பிடித்துத் தூக்கிப் பின்னால் சாய்த்தான். அதை இருபது தடவையாவது திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பேன். இரண்டாவது விலை, முன்னால் இருக்கிற நான்கு பேர் ஐந்தாவது ஆளின் உதவி இல்லாமல் கோட்டையை உடைக்க வேண்டும். அதற்காகத்தான் அணியின் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் 2022-இல் ஜோர்டன் டேவிஸ், 2023-இல் ஜேலன் கார்ட்டர், நோலன் ஸ்மித் என்று முதல் சுற்றுத் தேர்வுகளை முன்வரிசையில் கொட்டினார். ஃபேன்ஜியோவின் பொறுமைக்கு அடித்தளம் அந்தச் செலவு.

சரி, சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு வருகிறேன். 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ், எதிரே சீஃப்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். அன்று முழுவதும் ஃபேன்ஜியோ ஒரு தடவைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. ஒரு தடவைகூட! மஹோம்ஸைப் பிளிட்ஸ் பண்ணினால் அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் காலியான இடத்தைப் பார்த்து எறிந்துவிடுவார், அதற்காகவே பிறந்த மாதிரி. 2021 சூப்பர் பௌலில் டாம்பா பே அணியின் டிஃபென்ஸ் பயிற்சியாளர் டாட் போல்ஸ் சேஃப்டிகளை ஆழத்தில் வைத்து 31-9 என்று ஜெயித்தபோதே இது தெரிந்த விஷயம். தெரிந்தாலும், உலகமே பார்க்கிற மேடையில், அனுப்பு அனுப்பு என்று ஊரே கத்தும்போது, நான்கு பேரை நம்பி உட்கார்ந்திருக்க நெஞ்சுரம் வேண்டும்.

இரண்டாம் கால்பகுதியில் அடுத்தடுத்து இரண்டு சாக். மூன்றாவது டவுன், 16 யார்டு தேவை. மஹோம்ஸ் வலப்பக்கம் ஓடுகிறார், ஓடிக்கொண்டே உடம்புக்குக் குறுக்காக நடுவில் எறிகிறார். டிஜீன் எவன் பின்னாலும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. பிளிட்ஸ் அனுப்பியிருந்தால் ஆளுக்கு ஆள் துரத்த வேண்டியிருக்கும், அவன் முதுகு மஹோம்ஸ் பக்கம் இருந்திருக்கும். தன் இடத்தைக் காத்துக்கொண்டு நின்றதால் அவன் கண் முழுக்க மஹோம்ஸ் மேல். பந்து கையை விடும்போதே இவன் நகர்ந்துவிட்டான். முன்னால் வந்து பறித்து, 38 யார்டு ஓடி டச்டவுன். அன்று அவனுக்கு 22-வது பிறந்தநாள். நான் சோபாவிலிருந்து எழுந்து என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் பானும் ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தார். இடைவேளையில் 24-0, முதல் பாதியில் சீஃப்ஸ் மொத்தமாக எடுத்தது 23 யார்டு! முடிவு 40-22. ஆறு சாக், ஜாஷ் ஸ்வெட்டுக்கு மட்டும் இரண்டரை.

இந்த முறையில் ஓட்டையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே சீசன் டிசம்பரில் வாஷிங்டனின் ஜேடன் டேனியல்ஸ் எங்களை ஐந்து டச்டவுனால் அடித்து, கடைசி ஆறு நொடியில் 36-33 என்று ஜெயித்தார். அன்று நான்கு பேர் அவரை எட்டவில்லை, எட்டாதபோது பின்னால் நிற்கிறவர்கள் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்கள்? ஆனால் அதற்கு மருந்து ஐந்தாவது ஆளை அனுப்புவது என்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. மருந்து, இன்னும் நல்ல நான்கு பேர்.

அதனால்தான் கோப்பை வாங்கிய கையோடு மில்டன் வில்லியம்ஸ் பேட்ரியட்ஸுக்கும், ஸ்வெட் கார்டினல்ஸுக்கும் போனபோது வயிற்றில் ஏதோ பிசைந்தது. சம்பள உச்சவரம்பு, எல்லாரையும் வைத்துக்கொள்ள முடியாது, புரிகிறது. 2025 சீசன் ஆரம்பத்தில் முன்வரிசை முன்பு போல் கடிக்காமல் இருந்தபோது என் வாட்ஸ்அப் குழுவில் பழைய பாட்டு திரும்ப ஆரம்பித்தது, ஃபேன்ஜியோ பாயத் தெரியாதவர் என்று. நான் ஒரே பதிலைத்தான் போட்டேன்: ஆள் கொடுங்கள். நவம்பரில் டிராஃப்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றைக் கொடுத்து மயாமியிலிருந்து ஜேலன் ஃபிலிப்ஸைக் கொண்டுவந்தார்கள். 2023-இல் ஃபேன்ஜியோவிடமே அங்கே ஆடியவர், இந்த வேலை என்ன என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வந்து ஆடிய முதல் ஆட்டம் கிரீன் பேயில், குளிர் இரவில். 10-7 என்று ஜெயித்தோம். குழுவில் ஒருவர் "என்னப்பா இது, போரடிக்கிற ஆட்டம்" என்று எழுதினார். எதிரணியை அவர்கள் ஊரிலேயே வெறும் ஏழு புள்ளியோடு நிறுத்திய அந்த ஆட்டத்தை நான் மறுநாள் காலையில் முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தேன்.