ரீசெட்டை அமுக்கினால் தீருமா?

அயர்லாந்து, பிரிட்டன் வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் பாய்லர் சில சமயம் மூன்று நாள் ஒழுங்காக எரியும். நாலாம் நாள் விடியற்காலைக் குளிரில் சிவப்பு விளக்கைக் காட்டி நிற்கும். மெக்கானிக் வந்தால் மட்டும் உடனே பற்றிக்கொள்ளும்! அந்த எரிச்சலில், நின்ற பாய்லரை மறுபடி கிளப்பும் ரீசெட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஐயோ, வேண்டாம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கும். அப்புறம் பற்றும்போது டமார் என்று வெடிக்கலாம். இரண்டு தடவையோடு கையை எடுத்துவிடுங்கள்.

பற்றிய சில நொடியில் அணைந்தால், முதலில் தீ எரிகிறதா என்று கண்காணிக்கும் ஃபோட்டோசெல்லில் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். எண்ணெய் பீய்ச்சியும் பற்றவில்லையா? தீப்பொறி தரும் எலக்ட்ரோடின் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கலாம், அதில் கருப்புக் கோடு. பொறி முனைக்கு வராமல் அந்த வழியாகக் கசிந்துவிடும். இதைக்கூடப் பார்க்காமல் எண்ணெயைப் பீய்ச்சி எரிக்கும் முழு பர்னரையே மாற்றச் சொல்வது அநியாயம்.